படகுக்கு 'சைலன்ட்' ஜெனரேட்டர்: காசு கொடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைக் கிண்டல் செய்வார்கள். சாமி 1981-லேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாற்றில் தண்ணீர் மட்டும் 2021 நவம்பர் மாதிரி எப்போதாவது வந்து கரையை மிரட்டிவிட்டுப் போகும். இப்படிப்பட்ட ஊரில் கல்யாண மண்டபம், திருவிழா, லாட்ஜ் என்று ஜெனரேட்டர் வாடகைக்கும் சர்வீசுக்கும் ஓடிக்கொண்டிருக்கிற எனக்குப் படகு ஜெனரேட்டர் பார்க்கிற வேலை வந்தது மச்சானால்.

மச்சானுக்குக் குடியாத்தம். இங்கே படித்த காலத்தில் சிநேகமான ஒரு மலையாளியோடு சேர்ந்து ஆலப்புழையில் ஒரு ஹவுஸ்போட்டில் பங்கு போட்டிருக்கிறான். மூன்று பெட்ரூம், மூன்று ஏசி. ஒரு நாள் போன் வந்தது.

"மாமா, சைலன்ட் ஜெனரேட்டர் பதினஞ்சு கேவிஏ வாங்கிப் போட்டுட்டேன். ஆனா கெஸ்ட்டுங்க தூக்கமே வர்லன்றாங்க. இன்னான்னு ஒரு வாட்டி வந்து பாருங்க."

வாங்கிய பிறகு கேட்டானே, அதுதான் முதல் தவறு. மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஸ்டிக்கரை நம்புவது

சைலன்ட் என்று எழுதியிருப்பதால் சத்தம் வராது என்று அர்த்தமில்லை. நம் நாட்டில் கேனோபியோடு, அதாவது மெஷினை மூடும் சத்தத்தடுப்புப் பெட்டியோடு, விற்கிற டீசல் ஜெனரேட்டருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு, கேனோபியிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபெல். அதற்குள் இருந்தால் விற்கிறவர் தாராளமாக சைலன்ட் என்று ஒட்டலாம். ஆனால் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் வரம்பு 45 டெசிபெல்தான். ஆஸ்பத்திரியைச் சுற்றி நூறு மீட்டருக்குள் என்றால் 40. சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சந்துகளில் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கித்தான் இந்த 75-க்கும் 40-க்கும் இடையே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று கற்றுக்கொண்டேன். டெசிபெல்லில் பத்து கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். அப்படியென்றால் முப்பதுக்கு மேல் வித்தியாசம் என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு நோட்டீசில் 58 டெசிபெல் என்று போட்டிருக்கும், இன்னொன்றில் 75. 58-தான் அமைதி என்று கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கி வருவார்கள். எத்தனை மீட்டர் தள்ளி அளந்தது என்று கீழே பொடி எழுத்தில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஆறு டெசிபெல் குறையும். அந்தக் கணக்கில் ஏழு மீட்டரில் 58-ம் ஒரு மீட்டரில் 75-ம் ஒன்றேதான். படகில் ஏழு மீட்டர் தள்ளிப் படுக்க இடம் ஏது? கூடவே, எவ்வளவு லோடில் அளந்தார்கள் என்றும் கேளுங்கள். கையில் தூக்கிப்போகிற சின்ன பெட்ரோல் மெஷின்களுக்குக் கால் லோடு சத்தத்தைப் போட்டுக் காட்டுவது வழக்கம்.

காதுக்கு வரும் சத்தத்தை மட்டும் பார்ப்பது

ஆலப்புழையில் இரவு பத்தரை. படகைக் கட்டியாகிவிட்டது. வெளியே டெக்கில் நின்று கேட்டால் மெஷின் ஒன்றும் மோசமில்லை, சும்மா உறுமிக்கொண்டிருக்கிறது. பின்பக்க பெட்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் வேறு கதை. காதில் கேட்பதைவிடப் பாதத்தில் ஏறுகிற மாதிரி ஒரு 'ஊம்ம்'. எவர்சில்வர் டம்ளரில் பாதித் தண்ணீர் பிடித்துத் தரையில் வைத்தேன். தண்ணீர் மேல் வட்டம் வட்டமாக நடுங்கியது. கட்டிலில் வைத்தேன், அங்கேயும் நடுங்கியது. ஜன்னல் மரத்தில் வைத்தபோது ஒன்றுமில்லை. சத்தம் காற்றில் வரவில்லை, தரைப் பலகை வழியாக வருகிறது என்று அந்த டம்ளர் சொல்லிவிட்டது.

கெட்டுவள்ளம் என்கிற இந்த ஹவுஸ்போட் ஆஞ்சிலிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியது. ஒரு மூலையில் தட்டினால் வீணைக்குடம் மாதிரி முழுசும் பேசும். அதன் மேல் ஜெனரேட்டரை நேராக போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள். புகைக்குழாயை வளையாத இரும்புக் குழாயாகவே கொண்டுபோய்ச் சட்டத்தில் வெல்டு வைத்திருந்தார்கள். நான் மாற்றிப் போட்டது இவ்வளவுதான்: மெஷின் எடைக்குத் தகுந்த ரப்பர் மவுண்ட், கீழே தனி ஃபிரேம், புகைக்குழாயில் வளைந்து கொடுக்கிற பெல்லோஸ் ஒரு துண்டு, டீசல் லைனுக்கு வளையும் ஹோஸ். மெஷின் விலையோடு பார்த்தால் இது சில்லறைச் செலவு. மறுநாள் ராத்திரி டம்ளர் கிட்டத்தட்ட அடங்கிவிட்டது. விலை கூடின மெஷின் தேடுவதற்கு முன்னால் மவுண்டைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. சத்தம் குறையட்டும் என்று கேனோபியின் காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு மண்டபத்துக்காரர் தெர்மாகோல் வைத்து அடைத்தார். மே மாத வேலூர் வெயில் வேறு. முகூர்த்த நேரத்தில் மெஷின் கொதித்து நின்றது.

பெரிசா வாங்கினா நல்லதுதானே

மனதுக்குத் தெம்பு, பர்ஸுக்குக் கேடு. மச்சானுக்கு விற்றவர் மூன்று ஏசியும் ஒரே நொடியில் ஸ்டார்ட் ஆனால் எவ்வளவு இழுக்கும் என்று கூட்டி 15 கேவிஏ சொல்லியிருக்கிறார். பழைய ஏசி ஸ்டார்ட் ஆகும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுப்பது உண்மைதான். ஆனால் இன்வெர்ட்டர் ஏசி மெதுவாகத்தான் ஏறும். பழைய ஏசியாகவே இருந்தாலும் ஒரு டைமர் வைத்து ஒன்றன் பின் ஒன்றாக ஆன் ஆகச் செய்தால் பாதி அளவு மெஷின் போதும்.

கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டர் வைத்து ராத்திரி முழுக்கப் பார்த்தேன். அறை குளிர்ந்த பிறகு மூன்று ஏசி, பிரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாம் சேர்ந்து சுமார் 2 கிலோவாட். 15 கேவிஏ மெஷின் 12 கிலோவாட் தரக்கூடியது. ஆக ஆறில் ஒரு பங்கு வேலைதான். டீசல் எஞ்சினை இப்படி 30 சதவீதத்துக்குக் கீழேயே ஓட்டிக்கொண்டிருந்தால் உள்ளே சூடு போதாமல் டீசல் முழுசாக எரியாது. சைலன்ஸர் ஜாயிண்டில் கருப்பாக எண்ணெய் கசிந்து நின்றது. எங்கள் பட்டறையில் இதைப் பார்த்தவுடன் "சும்மா ஓடின மெஷின்" என்று சொல்லிவிடுவோம்.

பணக்கணக்கு இப்படி. அந்த லோடில் மணிக்கு ஒன்றேகால் லிட்டர் குடிக்கிறது. இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை 11 லிட்டர் சொச்சம். லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 1,050 ரூபாய். கிடைத்தது 18 யூனிட். யூனிட் 58 ரூபாய் ஆகிறது! நல்ல லோடில் ஓடினால் ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட் வரைக்கும் கிடைக்க வேண்டும். இதில் ஆயில், ஃபில்டர், தேய்மானம் சேர்க்கவில்லை. வருஷத்துக்கு 150 இரவு ஓடினால் 1,350 மணி நேரம். 250 மணிக்கு ஒரு ஆயில் என்றால் வருஷத்தில் ஐந்து முறை. வாங்கும்போது விலையில் பத்தாயிரம் குறைக்க அரைநாள் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில்கூடப் போடுவதில்லை.

ஜெனரேட்டர்தான் ஒரே வழி என்று நினைப்பது

ஜெனரேட்டர் வாடகைக்காரன் இதைச் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். ராத்திரி ஓடாத மெஷின்தான் இருப்பதிலேயே சைலன்ட்.

ஆலப்புழையில் மாலை ஐந்தரை வாக்கில் ஹவுஸ்போட்டுகளைக் கட்டிவிடுவார்கள், அப்புறம் மீன்காரர்கள் வலை போடுகிற நேரம். சொந்த ஜெட்டியில் கட்டுகிற இரவுகளில் கரையிலிருந்தே கரண்ட் எடுக்கலாம். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் அதே 18 யூனிட்டுக்கு 180 ரூபாய்தான். ஆனால் நல்ல கேபிளும், கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பை வெட்டிவிடுகிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். தண்ணீர்மேல் எர்த் கசிவு என்பது உயிர் விஷயம்.

நடுக்காயலில் கட்டுகிற இரவுகளுக்கு பேட்டரி. 51 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று சுமார் 5 யூனிட் பிடிக்கும். மூன்று போட்டு 80 சதவீதம் பயன்படுத்தினால் 12 யூனிட், அதாவது நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை. மாலை ஆறரையிலிருந்து 12 மணி வரை ஒரு சின்ன 7.5 கேவிஏ மெஷின் ஓடி ஏசியையும் பார்த்துக்கொண்டு பேட்டரியையும் ஏற்றிவிடும். அதற்கும் நல்ல லோடு கிடைக்கும்.

இங்கேயும் ஒரு ஏமாற்றுக்கணக்கு உண்டு. பேட்டரி விற்கிறவர் "டீசல் மிச்சத்திலேயே காசு வந்துடும் சார்" என்பார். போட்டுப் பார்த்தேன். 11 லிட்டர் 8 லிட்டர் ஆகிறது, ஒரு ராத்திரிக்கு முந்நூறு ரூபாய்கூட மிச்சமில்லை. டீசலை வைத்துப் பேட்டரிக் காசை எடுக்க ரொம்ப வருஷம் ஆகும். நீங்கள் வாங்குவது கெஸ்ட்டின் தூக்கத்தை. அதற்கு அறை வாடகையில் விலை கிடைக்குமா என்று உங்கள் தொழிலை வைத்து முடிவு செய்யுங்கள். பகலில் படகு ஓடும் நேரத்தில் மெயின் எஞ்சின் ஆல்டர்னேட்டரிலிருந்தும் கூரை சோலாரிலிருந்தும் கொஞ்சம் ஏற்றினால் கணக்கு இன்னும் சரியாகும்.

திருவிழா பெட்ரோல் மெஷினைப் படகில் ஏற்றுவது

விலை குறைவு, சத்தமும் குறைவு, அதனால் ஆசை வரும். வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். திருவிழாத் திடலில் அது கலைந்து போய்விடும், படகில் அடித்தட்டில் போய்த் தேங்கி நிற்கும். ஒரு ஸ்விட்ச் பொறி போதும். சாதாரண மெஷினின் ஸ்டார்ட்டரும் ஸ்விட்சும் பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டவை அல்ல.

அடுத்தது புகை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பெட்ரோல் மெஷினில் அது அதிகம், டீசலில் குறைவு, இல்லாமல் இல்லை. படகின் பின்பக்கம் புகை விட்டால் காற்றின் போக்கைப் பொறுத்து அது திரும்பிப் படகுக்குள்ளேயே சுழன்று வரும். ஏசி போட்டு மூடிய அறையில் தூங்குகிறவருக்குத் தலைவலிகூட எழுப்பாது. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். மச்சான் படகில் தீயணைப்பான் நான்கு இருந்தது, அலாரம் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கே வாங்க வைத்தேன்.

மரைன் மெஷின் அவசியமா?

திறந்த பின் டெக்கில், காற்று வரும் இடத்தில் என்றால் ரேடியேட்டர் வைத்த நிலத்து டீசல் மெஷினே சமாளிக்கும். தட்டுக்குக் கீழே மூடிய அறையில் வைக்கப்போகிறீர்களா, அல்லது கடல் உப்பில் ஓட்டப்போகிறீர்களா, அப்போது படகுக்கென்றே செய்த மரைன் மெஷின்தான். விலை நன்றாகவே கூடும். அது வெளித்தண்ணீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்வித்து, அதே தண்ணீரைப் புகையில் கலந்து வெளியே துப்பும். அதனால்தான் அதன் புகைச்சத்தம் அவ்வளவு குறைவு.

ஆனால் தண்ணீர் இழுக்கிற பம்பில் ரப்பர் இம்பெல்லர் ஒன்று, அதாவது தண்ணீரைத் தள்ளும் சக்கரம், உண்டு. தண்ணீர் வராமல் ஓடினால் நிமிஷக்கணக்கில் கருகிவிடும். காயலில் மிதக்கிற ஆகாயத்தாமரை வடிகட்டியை அடைத்தாலே போதும். வடிகட்டியைத் தினமும் பாருங்கள், கையில் ஒரு இம்பெல்லர் ஸ்பேர் இருக்கட்டும். இன்னொன்று, மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதீர்கள். பம்ப் ஒவ்வொரு முறையும் தண்ணீரைத் தள்ளும், வெளியே தள்ளப் புகை இருக்காது, சைலன்ஸர் நிறைந்து தண்ணீர் எஞ்சினுக்குள் ஏறிவிடும். அடிக்கத்தான் வேண்டுமென்றால் தண்ணீர் வால்வை மூடிவிட்டு அடியுங்கள், எஞ்சின் பிடித்தவுடன் திறந்துவிடுங்கள்.

பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு இரண்டே வரி. மணி மீட்டரை நம்பாமல், ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், புகை குபுகுபு என்று வந்தால் எஞ்சினின் பிஸ்டன் ரிங் போய்விட்டது. கேனோபிக்குள் இருக்கும் ஃபோமை விரலால் அழுத்துங்கள், மாவாக உதிர்ந்தால் அது பெயருக்குத்தான் சைலன்ட்.

மச்சான் அந்தப் பதினைந்து கேவிஏவை நஷ்டத்துக்குத்தான் விற்றான். வாங்கியது குடியாத்தத்தில் ஒரு மண்டபம். எட்டு டன் ஏசி, சமையல்கட்டு மாவு மெஷின், சீரியல் லைட் எல்லாம் அதன் தலையில்தான். போன மாதம் சர்வீசுக்குப் போனபோது சைலன்ஸர் ஜாயிண்டைத் தடவிப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை.