பி.காம். ஆனர்ஸ் சேர விரும்பும் வடசென்னை மாணவர்களுக்கு

பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு படித்து முடித்தவர்கள், விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பே, தாங்கள் சேரப்போகும் கல்லூரியில் ‘ஆனர்ஸ்’ என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டும் (கிரெடிட் என்பது பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு), நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட்டும் தேவை. ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் வேண்டுமெனில், முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்திருக்க வேண்டும். ஆனால் கூடுதல் தாள்களுடன் மூன்றே ஆண்டுகளில் ஆனர்ஸ் நடத்தும் கல்லூரிகளும் உண்டு. ஆகவே படிப்பு எத்தனை ஆண்டு, பட்டச் சான்றிதழில் ‘ஆனர்ஸ்’ என்று அச்சாகுமா என்ற இரண்டையும் கல்லூரி அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

அடுத்த வேலையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஒரே கல்லூரியின் சாதாரண பி.காம். பாடத்திட்டத்தையும் ஆனர்ஸ் பாடத்திட்டத்தையும் அச்செடுத்துத் தரையில் அருகருகே விரித்து, இரண்டிலும் இருக்கும் தாள்களைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வாருங்கள். அடிபடாமல் மிஞ்சும் தாள்களுக்காகத்தான் நீங்கள் கூடுதலாக உழைக்கப்போகிறீர்கள். அவை உயர்நிலைக் கணக்கியல், புள்ளியியல், ஆய்வேடு என்று கனமாக இருந்தால் துணிந்து சேரலாம். பெயர் மட்டுமே மாறியிருந்தால், பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியிலோ, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலோ, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலோ சாதாரண பி.காம். படிப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. பட்டயக் கணக்காளர் படிப்பான சி.ஏ. படிக்க ஆனர்ஸ் கட்டாயமில்லை. 55 சதவீதம் பெற்ற எந்த வணிகவியல் பட்டதாரியும் அதன் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேராக இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.காம். ஆனர்ஸுக்கு 2022 முதல் க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதைத் தமிழிலும் எழுதலாம். சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறையும். பிளஸ் டூ முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் விண்ணப்பத் தேதி கடந்துவிடும்.

தமிழ்வழியில் படித்தவர்கள் ஆனர்ஸ் வகுப்பின் ஆங்கிலத்தை எண்ணிப் பின்வாங்க வேண்டாம். பற்று என்பது டெபிட், தேய்மானம் என்பது டிப்ரிசியேஷன், நற்பெயர் என்பது குட்வில்; கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், பெயர்தான் புதிது. பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் அருகருகே வைத்துக்கொண்டு, கோடை விடுமுறையில் நாளுக்குப் பத்துச் சொல் எழுதிப் பழகினால் போதும்.

நேர்காணல் வைக்கும் கல்லூரியில் ‘ஏன் ஆனர்ஸ்?’ என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்த பதிலைச் சொல்லாமல், நீங்கள் கண்ணால் பார்த்த கணக்கைச் சொல்லுங்கள். காசிமேட்டில் விசைப்படகு கரைக்கு வந்ததும், மீன் விற்ற பணத்தில் முதலில் டீசலுக்கும் ஐஸுக்கும் ஆன செலவைக் கழித்துவிட்டு, மீதியைப் படகு உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் பங்கு பிரிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, மொத்த வருவாய்க்கும் நிகர வருவாய்க்கும் உள்ள வேறுபாட்டை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதை அப்படியே விளக்கிவிட்டு, இதை முறையாக எழுதிப் பகுத்தாயக் கற்க விரும்புகிறேன் என்று முடித்தால், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பணத்தையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கல்லூரிச் சேர்க்கையும் அதே மாதங்களில்தான் வருகிறது. மீனவக் குடும்பங்களுக்கு வருமானம் நின்றிருக்கும் அந்த நேரத்தில் வட்டிக்கு வாங்காமல் இருக்க, கட்டணத்தைத் தவணையில் கட்ட முடியுமா என்று முதல்வரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்பதில் குறைவொன்றும் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்குக் கல்லூரி வழியாகவே பதிவு செய்ய வேண்டும் என்பதால், சேர்ந்த வாரமே அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். ஆதாரிலும் மாற்றுச் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை அதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.