கர்ப்பகால பிரஷர் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதப் போகிறீர்களா? கிளினிக் மேசையிலிருந்து தொடங்குங்கள்

மட்டக்களப்பிலிருந்து கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் பற்றி நல்ல ஆய்வுக் கட்டுரைகள் இன்னும் நிறைய வரவேண்டும். வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வருகிற தாய்மாரின் நிலைமையைக் கொழும்பு, கண்டி எண்களை வைத்துச் சொல்லிவிட முடியாது. மகப்பேற்று விடுதியில் வேலை செய்துகொண்டே மாணவர்களுக்கும் தாதிய உத்தியோகத்தர்களுக்கும் கட்டுரை எழுத உதவுகிறவள் நான். "மெடம், டேட்டா இருக்கு, எந்த ஜேர்னலுக்கு அனுப்பலாம்?" என்றுதான் பெரும்பாலும் கேட்டு வருகிறார்கள். "பிரஷர் யார் அளந்தது, எப்படி அளந்தது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். ஜேர்னல் பற்றிப் பேச்செடுக்க முதல் அதற்குப் பதில் வேண்டும். இந்த நோயைப் பொறுத்தவரை கட்டுரையின் தலையெழுத்து கிளினிக் மேசையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

ஒன்று செய்து பாருங்கள். எக்செலில் நீங்கள் பதிந்து வைத்திருக்கிற அளவுகளில் கடைசி இலக்கத்தை மட்டும் தனியாக எடுத்து எண்ணுங்கள். 110/70, 120/80, 130/80, 120/70 என்று எல்லாமே பூச்சியத்தில் முடிகிறதா? பாதரசக் கருவியில் 2 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு இருக்கிறது. கோட்டைப் பார்த்து எழுதியிருந்தால் 0, 2, 4, 6, 8 ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரவேண்டும். பூச்சியம் மட்டுமே குவிந்து கிடந்தால், அளந்தவர்கள் கிட்டத்தட்ட எவ்வளவு என்று பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வேறு ஆய்வென்றால் இது பெரிய விடயமில்லாமல் போகலாம். இங்கே நோயின் எல்லையே 140/90 தான். 138 ஐ 140 என்று எழுதிய இடத்தில் ஒரு தாய் நோயாளிப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறாள். இந்த எண்ணிக்கையை நீங்களே ஒரு சின்ன அட்டவணையாகக் கட்டுரையில் போடுங்கள். ஜேர்னலுக்காகக் கட்டுரையை வாசித்துச் சோதிக்கிற மதிப்பாய்வாளர் அதைக் கண்டுபிடித்துக் கேட்பதைவிட நீங்கள் முந்திச் சொல்வது மேல்.

தரவு சேகரிப்பு இன்னும் தொடங்கவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. தாயை 5 நிமிடம் இருத்துங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் இரண்டும் நிலத்தில் இருக்க வேண்டும், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். மேற்கையின் நடுச் சுற்றளவு 33 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால், கையில் சுற்றுகிற பட்டியில் (கஃப்) பெரியதைக் கட்ட வேண்டும். சின்னப் பட்டி பிரஷரைக் கூட்டிக் காட்டும். கீழ் அளவுக்கு (120/80 இல் 80), ஸ்டெதஸ்கோப்பில் கேட்கிற சத்தம் முற்றாக மறையும் இடத்தை எடுங்கள். தானியங்கி மெஷின் பாவித்தால், அது கர்ப்பிணிகளிலும் முன்வலிப்பு (ப்ரீஎக்லாம்ப்சியா, வரைவிலக்கணம் கீழே) உள்ளவர்களிலும் சரிபார்க்கப்பட்ட மாதிரியா என்று பாருங்கள். சில மெஷின்கள் முன்வலிப்பில் குறைத்துக் காட்டும். மெஷினின் மாதிரிப் பெயர், பட்டியின் அளவு, எந்தக் கை, எத்தனை தடவை அளந்தீர்கள் என்பதெல்லாம் கட்டுரையின் முறையியல் பகுதியில் வரவேண்டும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, பகல் வெயிலில் நடந்து வந்தவரை வந்தவுடனே அளந்தால் அந்த எண் எதைக் காட்டும் என்று யோசியுங்கள்.

அடுத்தது வரைவிலக்கணம். கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்துக்கான சர்வதேசச் சங்கம் 2021 இல் தன் வழிகாட்டலைப் புதுப்பித்தது. அதைப் பின்பற்றினால் அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். 20 வாரத்துக்கு முன்பே கூடியிருந்தால் அது நாட்பட்டது. 20 வாரத்துக்குப் பின் புதிதாக வந்து வேறு பாதிப்பு இல்லையென்றால் கர்ப்பகால உயர் அழுத்தம். அதோடு சலத்தில் புரதம் போனாலோ, ஈரல், சிறுநீரகம், குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்), மூளை, சூல்வித்தகம் (பிளசென்டா) ஆகியவற்றில் பாதிப்புத் தெரிந்தாலோ முன்வலிப்பு. புரதம் இருந்தே ஆகவேண்டும் என்ற பழைய நிபந்தனை இப்போது இல்லை. சலத்தில் புரதத்துக்கும் கிரியேற்றினினுக்கும் உள்ள விகிதம் ஒரு மில்லிமோலுக்கு 30 மில்லிகிராம் என்பது எல்லை. உங்கள் இடத்தில் குச்சிப் பரிசோதனை மட்டும்தான் நடந்தது என்றால் அதை அப்படியே எழுதுங்கள், மறைக்க ஒன்றுமில்லை.

இதில் கர்ப்பிணிப் பதிவேட்டின் முதல் வருகைப் பக்கம் தங்கம். கர்ப்பத்தின் முதல் பாதியில் பிரஷர் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். பிந்திப் பதிவு செய்த தாயிடம், முன்பிருந்தே இருந்ததா, புதிதாக வந்ததா என்று பிரிக்க முடியாமல் போய்விடும். அப்படிப்பட்டவர்களை ஏதாவது ஒரு பெட்டிக்குள் தள்ளாதீர்கள், "வகைப்படுத்த முடியாதவை" என்று தனி வரி போடுங்கள். பிள்ளை பிறந்து 3 மாதத்துக்குப் பின் அளந்த பிரஷர் கிடைத்தால் சிலரைப் பிரித்தறியலாம். அதற்கு அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைத்தான் தேடிப் போகவேண்டும். எந்த வளவில் எந்தத் தாய் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

தலைப்பு வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. போதனா வைத்தியசாலை விடுதியில் எடுத்த எண்ணை "மட்டக்களப்பு மாவட்டத்தில் முன்வலிப்பு" என்று எழுதக் கூடாது. வாழைச்சேனையிலும் களுவாஞ்சிகுடியிலும் சிக்கலான கேஸ்களை இங்கேதான் அனுப்புகிறார்கள், ஆகவே விடுதி வீதம் எப்போதும் ஊர் வீதத்தைவிடக் கூடித்தான் இருக்கும். உலகளவில் 100 கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை முன்வலிப்பு என்று சொல்கிறார்கள். உங்களுக்கு 15 வந்தால் அது நம் மண்ணின் விசேஷம் அல்ல, அனுப்பி வைப்பதால் வந்த வீக்கம். மாவட்டம் பற்றிச் சொல்ல விருப்பமென்றால், பிராந்திய சுகாதாரப் பணிப்பாளரின் அனுமதியோடு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளின் பதிவுகளுக்குப் போங்கள். வேலை கூடும், ஆனால் அந்தக் கட்டுரைக்கு வேறு மதிப்பு.

நெறிமுறை அனுமதி தரவு சேகரிக்க முன்பே எடுக்க வேண்டும். பின்னால் போய் வாங்க முடியாது, அனுமதி இலக்கம் இல்லாமல் எந்த நல்ல ஜேர்னலும் வாசிக்கவே மாட்டாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் அதற்கான குழு இருக்கிறது. ஒப்புதல் படிவத்தைத் தாய்க்கு வாசித்துக் காட்டிப் பாருங்கள். அவருக்கு விளங்காவிட்டால் திருத்தி எழுதுங்கள். தனி நோயாளி அறிக்கையென்றால் இன்னும் கவனம் வேண்டும். நம் ஊர்கள் சின்னவை. ஐந்தாவது பிள்ளை, இரட்டைக் கர்ப்பம், வலிப்பு வந்தது, இன்ன கிராமம் என்று எழுதினால் பெயர் போடாமலே எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். கிராமத்தை எடுத்துவிடுங்கள், வயதை ஒரு வீச்சாகச் சொல்லுங்கள், எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

எழுதும்போது முதலில் அட்டவணைகளைச் செய்யுங்கள், அப்புறம் முடிவுகள், கடைசியாக முன்னுரை. அவதானிப்பு ஆய்வுகளுக்கு "ஸ்ட்ரோப்" என்ற 22 அம்சப் பட்டியல் உண்டு. எழுதி முடித்தபின் நிரப்பாமல், எழுதத் தொடங்கும்போதே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பி பெறுமானத்தை (p-value) மட்டும் போடாமல், உண்மையான எண் எந்த வீச்சுக்குள் இருக்கலாம் என்று காட்டுகிற 95% நம்பக எல்லையையும் கொடுங்கள். விடுதியில் வலிப்பு வந்தவர்கள் நாலைந்து பேர்தான் என்றால் வீதம் கணிக்காமல் எண்ணாகவே சொல்லுங்கள்.

கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதை அனுப்பும் நாளில் பேசாதீர்கள், தொடக்கத்திலேயே பேசி எழுதி வையுங்கள். சர்வதேச மருத்துவ ஜேர்னல் ஆசிரியர் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், முழுப் பொறுப்பு. நான்கும் வேண்டும். விடுதித் தலைவர் என்பதற்காக மட்டும் பெயர் போடக் கூடாது. பதிவேடுகளைத் தேடியெடுத்து வரைவையும் வாசித்துத் திருத்திய தாதிய உத்தியோகத்தரை நன்றியுரையோடு நிறுத்திவிடவும் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சரி, இப்போது ஜேர்னல். இலங்கை வாசகருக்குப் பயன்படும் கண்டுபிடிப்பு என்றால் இலங்கை மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர்களின் ஜேர்னல் இருக்கிறது. 1887 இலிருந்து வருகிற சிலோன் மெடிக்கல் ஜேர்னலும் இருக்கிறது. முறையியல் பலமாக இருந்தால் மேலே சொன்ன சர்வதேசச் சங்கத்தின் "பிரெக்னன்சி ஹைப்பர்டென்ஷன்" ஜேர்னலுக்கு முயலலாம். திறந்த அணுக்கம் (யாரும் இலவசமாக வாசிக்கக்கூடியது) என்றால் எழுதியவரிடம் கட்டணம் கேட்பார்கள். இலங்கைக்குக் கட்டணக் கழிவு உண்டா என்று அனுப்ப முன் அவர்கள் பக்கத்தில் பாருங்கள், ஏற்றுக்கொண்ட பின் கேட்டால் பிந்திவிடும். ஒரே நேரத்தில் இரண்டு ஜேர்னலுக்கு அனுப்பக் கூடாது.

"உங்கள் மேன்மையான ஆய்வைக் கண்டோம், ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம்" என்று மின்னஞ்சல் வந்தால் பதில் எழுதாதீர்கள். அங்கே மதிப்பாய்வு நடக்காது, காசுதான் போகும். அங்கே வெளிவந்த கட்டுரையைப் பின்னர் நல்ல இடத்துக்கும் அனுப்ப முடியாது. அத்தனை தாய்மார் தந்த தகவல் அங்கே புதைந்துவிடும், எனக்குப் பெரிய கவலை அதுதான்.

மதிப்பாய்வு வந்தால் முதல் நாள் வாசித்துவிட்டு மூடி வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு கருத்தையும் பிரதிபண்ணி, கீழே உங்கள் பதில், அதற்குக் கீழே திருத்திய வசனம், வரி இலக்கத்தோடு. உடன்படாத இடத்தில் மரியாதையாகக் காரணம் சொல்லலாம். "வரம்புகளில் சேர்த்துவிட்டோம்" என்பது எல்லாக் கேள்விக்கும் பதிலாகாது. நிராகரித்தால் அவர்கள் சொன்னதைத் திருத்தியே அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். துறை சின்னது, அதே மதிப்பாய்வாளர் கையில் திரும்பவும் போய்ச் சேரலாம்.

வெளிவந்த பின் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. முக்கியமான முடிவை ஒரு பக்கத் தமிழில் எழுதி, தரவு தந்த ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்களின் மாதாந்தக் கூட்டத்தில் 10 நிமிடம் கேளுங்கள். பெரிய பட்டி எந்த கிளினிக்கில் இல்லை என்று அங்கேயே பட்டியல் எடுத்து, அந்தப் பட்டியலைக் கட்டுரையின் பிரதியோடு இணைத்துப் பிராந்தியப் பணிப்பாளருக்குக் கடிதம் போடுங்கள்.