கிருஷ்ணகிரியிலிருந்து கடற்கரைக்கு ஐந்து வேன், இரண்டு இரவு: முதல்முறை முகாம் போடுகிறவர்களுக்கான செய்முறை

செம்மண்ணிலும் பாறையிலும் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு தைரியம் இருக்கும். ரோட்டை விட்டு இறக்கினால் தரை தாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவோம். கே.ஆர்.பி. அணைப் பக்கமோ அரூர் பக்கமோ அந்த நம்பிக்கை பொய்க்காது. கடலோரத்தில் அதே நம்பிக்கையோடு இறக்கினால் அச்சு வரைக்கும் புதையும். ஆம்னி, ஈக்கோ, டிராவலர், விங்கர் என்று படுக்கை போட்ட வண்டி வைத்திருக்கும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வெள்ளி மதியம் கிளம்பி ஞாயிறு மாலை திரும்புவதற்கான முறை இது. இடம், மரக்காணம் சுற்றுவட்டாரம்.

படி 1: தேதி

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை, புயல். பொங்கல் கழிந்து மார்ச் வரைக்கும் நல்ல காலம். அதற்குள்ளும் பௌர்ணமியை ஒட்டிய சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். வழியில் திருவண்ணாமலை இருக்கிறது; கிரிவலக் கூட்டத்தில் வேன்களோடு மாட்டினால் மூன்று மணி நேரம் போய்விடும். பௌர்ணமி, அமாவாசை நாட்களில் கடலும் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறும். துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். யார் வருத்தப்பட்டாலும் சரி.

படி 2: இடம் பிடிப்பது

கடற்கரை மணலில் முகாம் போடக் கூடாது. படகு இறக்கும் வழி அது. கரைவலை இழுக்கும் இடமும் அதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிடக் கரையேறுவதும் அங்கேதான். ஆமைக்கு வெளிச்சம் ஆகாது. டார்ச் அடித்தாலே பாதியில் திரும்பிவிடும்.

அதனால் கரையிலிருந்து தள்ளி, ரோட்டை ஒட்டி, கழிப்பறையும் கிணறோ போரோ உள்ள தனியார் தோப்பாகப் பாருங்கள். உரிமையாளரிடம் வாடகை பேசி, வண்டி எண்களோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் நகலை உள்ளூர் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டால் நள்ளிரவில் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள்.

அங்கே தோப்பு என்றால் தென்னை, இல்லையென்றால் சவுக்கு. தென்னைக்கு நேர் கீழே வண்டி நிறுத்தினால் மட்டையோ காயோ கண்ணாடியைப் பதம் பார்க்கும். சவுக்கில் அந்தப் பயம் இல்லை, ஆனால் தரை முழுக்க உதிர்ந்து கிடக்கும் காய்ந்த சருகு ஒரு தீப்பொறிக்குப் பற்றிக்கொள்ளும். அடுப்பு வைக்கும் இடத்தைச் சுற்றி ஆறடி வட்டத்துக்கு மண் தெரியும்வரை பெருக்கி, பக்கத்தில் ஒரு வாளி மணல் வையுங்கள்.

இட அளவுக்கு ஒரு கணக்கு. தீப் பாதுகாப்புக்காக வண்டிக்கும் வண்டிக்கும் இடையே 20 அடி விட வேண்டும். ஆறடி அகல வண்டி ஐந்து என்றால் 30 அடி, நடுவில் நான்கு இடைவெளிக்கு 80 அடி, ஆக 110 அடி நீளம். இது இல்லாத தோப்பில் மூன்று வண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம், நெருக்கி நிறுத்தாதீர்கள்.

படி 3: ஒரு ராத்திரி ஒத்திகை

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, சொந்தக் களத்திலோ தெரிந்தவர் மாந்தோப்பிலோ ஓர் இரவு வேனிலேயே படுங்கள். எது மறந்தது, எது ஒழுகுகிறது, எந்த விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும். 200 கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம்.

படுக்கை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பின் சீட்டைக் கழற்றிவிட்டு நிரந்தரமாகக் கட்டில் அடித்தால், ஆர்.சி.யில் உள்ளதற்கும் வண்டிக்கும் பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 அதை அனுமதிப்பதில்லை. சீட்டை மடித்து அதன் மேல் போட்டு எடுக்கிற பிளைவுட் பலகையே போதும். பலகை வாங்கும்போது தண்ணீர் தாங்கும் ரகமாக, ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். சாதா பிளைவுட் உப்புக்காற்றில் ஊறி இதழ் இதழாகப் பிரியும்.

படி 4: கரண்ட்

வண்டி பேட்டரியில் ஃபேன் ஓட்டாதீர்கள், காலையில் ஸ்டார்ட் ஆகாது. தனி பேட்டரி வேண்டும். 12 வோல்ட், 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரியில் சுமார் 1,280 வாட்-மணி இருக்கும். 1,000 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 25 வாட் டி.சி. ஃபேன் 9 மணி நேரம் ஓடினால் 225. 10 வாட் விளக்கு 4 மணி நேரம், 40. நான்கு போன் சார்ஜ், 60. ஓர் இரவுக்கு 325, இரண்டு இரவுக்கு 650. தாராளம். இதே பேட்டரியில் ஒரு சின்ன 12 வோல்ட் ஃப்ரிட்ஜைச் சேர்த்தால் அது ஒரு நாளுக்கே 500க்கு மேல் குடிக்கும். சனிக்கிழமை இரவு எல்லாம் அணைந்துவிடும். இரண்டு நாளுக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு? வீட்டில் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து ஐஸ் பெட்டியில் அடுக்குங்கள். குளிர்ச்சிக்கு அது, உருகினால் குடிநீர்.

லெட்-ஆசிட் பேட்டரி வைத்திருப்பவர்கள் அதன் கொள்ளளவில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும்.

வயரிங்கில் விட்டுவிடக் கூடாதது ஃபியூஸ். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். வயரின் மறுமுனையில் போட்டால், நடுவில் வயர் உரசி பாடியில் பட்டதும் பேட்டரியிலிருந்து அந்த இடம் வரைக்கும் உள்ள வயர் சிவந்து எரியும். ஃபேனும் விளக்கும் மட்டும் என்றால் 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர், 15 ஆம்பியர் ஃபியூஸ். டெர்மினலில் வாசலின் தடவுங்கள். நம்ம ஊரில் வருஷக்கணக்கில் சுத்தமாக இருக்கும் முனை, அங்கே சீக்கிரமே பச்சை பூக்கும்.

படி 5: தண்ணீர், கேஸ், சாப்பாடு

குளியல் சேர்க்காமல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர். நான்கு பேர், இரண்டு நாள், 80 லிட்டர், அதாவது நான்கு கேன். அது 80 கிலோ, வண்டியில் இன்னொரு பெரிய ஆள் ஏறியதற்குச் சமம். கேன்களைப் பின் கதவோரம் அடுக்காதீர்கள், முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் வையுங்கள். பின்னால் கனம் கூடினால் முன்பக்கம் லேசாகி, ஸ்டியரிங் மிதக்கும். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் பாத்திரம் கழுவ ஆகும். குடிக்க, சமைக்க இங்கிருந்தே நிரப்பிக்கொண்டு போங்கள்.

கேஸுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். ஓர் அடுப்பு மணிக்கு ஏறக்குறைய 150 கிராம் எரிக்கும், இரண்டு குடும்பத்துக்கு ஒன்று கண்டிப்பாகத் தாங்கும். ரெகுலேட்டர் மாட்டியதும் சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று பாருங்கள். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் வேனின் தரையில், நம் படுக்கைக்குக் கீழேதான் தேங்கும். ஆகவே வேனுக்குள் சமையலே வேண்டாம். இரவில் சிலிண்டரும் வெளியே.

இன்னொன்று. சிலிண்டர் தலையிலேயே திருகி வைக்கும் பர்னர் டீ போட நன்றாக இருக்கும். அதன் மேல் களிப் பானையை வைத்துத் துடுப்பால் கிண்டப் பார்க்காதீர்கள். நம் ஆட்கள் கடலுக்குப் போனாலும் களியும் மீன் குழம்பும்தான் கேட்பார்கள். களி கிண்டுகிற வேகத்துக்குச் சிலிண்டரே ஆடும், மாவு கட்டி தட்டுவதற்கு முன் பானை கவிழும். தரையில் உட்காரும் தாழ்வான ஒற்றை அடுப்பு, டியூப் வழியாகச் சிலிண்டர் நான்கடி தள்ளி, பானையை ஒருவர் கவட்டைக் கோலால் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கிண்ட வேண்டும். வெள்ளி இரவுக்குச் சமைக்கவே வேண்டாம். புளிசாதம் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

படி 6: பாதை

கிருஷ்ணகிரி, மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம். மொத்தம் சுமார் 210 கிலோமீட்டர். தருமபுரிக்காரர்கள் அரூர் வழியாக வந்து ஊத்தங்கரையில் சேர்ந்துகொள்ளலாம். ஐந்து வேனும் ஒட்டி ஒட்டிப் போகத் தேவையில்லை. பின்னால் வரும் பஸ் முந்த முடியாமல் நடுவில் நுழையும், அதுதான் ஆபத்து. ஊத்தங்கரை, செஞ்சி, திண்டிவனம் என மூன்று சந்திப்பிடம் வைத்துக்கொள்ளுங்கள், இடையில் அவரவர் வேகம்.

பகல் 2 மணிக்குள் கிளம்பினால் வெளிச்சத்தில் போய்ச் சேரலாம். இருட்டிய பின் உப்பளத்து ஓரப் பாதைகளில் இறங்கவே கூடாது. மேலே காய்ந்து வெள்ளையாகத் தெரியும், கீழே களிமண் குழைவாக இருக்கும்.

படி 7: நிறுத்துவது

முதலில் ஒருவர் இறங்கி நடந்து பாருங்கள். குதிகால் ஒரு அங்குலத்துக்கு மேல் புதைகிறதா, வண்டி அங்கே வேண்டாம். நிறுத்தும்போது ரிவர்ஸில் உள்ளே விட்டு, மூக்கை ரோட்டைப் பார்த்து வையுங்கள். நள்ளிரவில் யாருக்காவது உடம்பு சரியில்லை, காற்று மழை வலுக்கிறது என்றால் திருப்பாமலே கிளம்பலாம். அங்கே கடல் கிழக்கு என்பதால், தோப்பு ரோட்டுக்குக் கடல் பக்கம் இருந்தால் மாலைக் கடற்காற்று பின் கதவு வழியாக நேராகப் படுக்கைக்கு வருவது கூடுதல் லாபம். அடுப்பை வண்டியின் முன்பக்கம், காற்று மறைவில் வைத்துக்கொள்ளலாம். இரவு ஆக ஆகக் காற்று திரும்பி நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். விடிகாலைக் காபி போட அடுப்பைப் பின்னால் மாற்ற வேண்டியிருக்கும்.

படுக்கும்போது எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்து, கொசுவலை மாட்டுங்கள். முழுக்க மூடினால் நான்கு பேர் மூச்சு கண்ணாடியில் படிந்து, காலையில் போர்வை நனைந்திருக்கும்.

மணலில் புதைந்துவிட்டால்

ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். எல்லோரையும் இறக்கி, தண்ணீர்க் கேன்களை வெளியே எடுங்கள். இழுக்கும் சக்கரம் எதுவென்று தெரிந்துகொண்டு (ஆம்னி, ஈக்கோ, டிராவலருக்குப் பின் சக்கரம், விங்கருக்கு முன் சக்கரம்) அதற்கு முன்னும் பின்னும் மணலைச் சரிவாகத் தோண்டுங்கள். டயர் காற்றை மூன்றில் ஒரு பங்கு இறக்கினால் டயர் பரந்து மணலில் மிதக்கும். அடியில் சாக்கோ தென்னை மட்டையோ கொடுத்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸில், கிளட்சை மெதுவாக விட்டு எடுங்கள். சக்கரத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, மட்டை பறக்கும். வெளியே வந்ததும் 12 வோல்ட் பம்பால் காற்றை நிரப்புங்கள். குறைந்த காற்றோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

படி 8: கடலில் இறங்குவது

இதில் நம் பக்கத்துக்காரர்களுக்கே உரிய ஒரு தவறு உண்டு. கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள், எனக்குத் தெரியாத தண்ணியா என்று இறங்கிவிடுவார்கள். கிணறு இழுக்காது. கடல் இழுக்கும். அலை அடித்த தண்ணீர் ஓரிடத்தில் சேர்ந்து கடலை நோக்கித் திரும்பும். சுற்றிலும் அலை உடைய, அந்த இடம் மட்டும் அமைதியாக இருக்கும். குழந்தைகளை இறக்க அதையே தேர்ந்தெடுப்பதுதான் கொடுமை. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்துப் போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பிலிருந்து விலகிய பிறகு கரைக்குத் திரும்புங்கள். உள்ளூர் மீனவர் ஒருவரிடம் கேட்டு, அவர் காட்டும் இடத்தில் முழங்கால் அளவோடு நில்லுங்கள். குடித்தவர்களை இறங்கவே விடாதீர்கள். ஆம்புலன்ஸ் 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. ஒவ்வொரு வண்டியிலும் எழுதி ஒட்டுங்கள்.

இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் கிடையாது. சட்டமும் அப்படித்தான், பக்கத்துக் குப்பத்தில் விடியலுக்கு முன் படகு எடுக்கிறவர்கள் தூங்குகிற நேரமும் அதுதான்.

படி 9: திரும்பி வந்து

மறுநாளே வாட்டர் சர்வீஸ் விட்டு, அடிப்பக்கம், சக்கர வளைவுகள், கதவின் அடி மடிப்பு எல்லாம் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். மேலே மட்டும் பளபளவென்று கழுவி அனுப்புவார்கள், கூடவே நின்று பாருங்கள். கழுவிய ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தினால், துரு ஏறி பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு கிலோமீட்டர் பிரேக் பிடித்து ஓட்டி ஈரத்தைக் காயவையுங்கள். பிறகு சமதரையில் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தி விடுங்கள்.