ஃபயர்வால் கிராஷ் ஆனால் என்ன செய்ய வேண்டும்?

நெட்வொர்க் வழியாக வருவதைப் பார்த்து, வேண்டாததைத் தடுக்கும் மென்பொருள்தான் ஃபயர்வால். டாஸ்க்பாரில் இருந்த அதன் ஐகான் திடீரென்று காணாமல் போகும், இல்லையென்றால் ‘வேலை செய்வதை நிறுத்திவிட்டது’ என்று ஒரு பெட்டி வரும், நாமும் ஓகே கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைஃபையிலோ, கீழக்கரையில் நாலைந்து கம்ப்யூட்டர் ஒரே இணைப்பில் ஓடும் ஜெராக்ஸ் கடையிலோ தயவுசெய்து அப்படி விடாதீர்கள். வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் பெரும்பாலும் தடுத்துவிடும். அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு லேப்டாப்பில் வைரஸ் இருந்தால் அதைத் தடுக்க உங்கள் மெஷினில் உள்ள ஃபயர்வால்தான் வேண்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் அப்படித்தான் 445ஆம் போர்ட் (நெட்வொர்க் வாசல்) வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, பேட்ச் (பாதுகாப்பு அப்டேட்) போடாத விண்டோஸ் மெஷின்களுக்குத் தாவிக்கொண்டே போனது.

முதல் வேலை, வைஃபையை ஆஃப் செய்யுங்கள் அல்லது லேன் கேபிளைக் கழற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்து, விழுந்தது எது என்று பாருங்கள். நாம் பார்க்கும் ஐகானும் விண்டோவும் வேறு, பின்னால் சர்வீஸாக ஓடி உண்மையில் தடுக்கும் வேலையைச் செய்வது வேறு. ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, உங்கள் ஃபயர்வால் பெயருக்கு நேரே ‘ரன்னிங்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் முகப்பு மட்டும்தான் விழுந்திருக்கிறது, ரீஸ்டார்ட் போதும். பேஸ் ஃபில்டரிங் எஞ்சின் என்ற சர்வீஸையும் பாருங்கள், அது நின்றால் விண்டோஸின் சொந்த ஃபயர்வாலும் ஓடாது.

சர்வீஸே நின்றிருந்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: நெட் முழுக்க நின்றுவிடும், அல்லது எல்லாமே தடையின்றிப் போய்வரும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் எல்லாம் நன்றாக ஓடுவது போலவே தெரியும். நெட் நின்றவர்கள் ‘ஃபயர்வாலே வேண்டாம்’ என்று மொத்தமாக ஆஃப் செய்வதும் அதே ஆபத்தில்தான் கொண்டுவிடும்.

இப்போது விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் புரொடெக்‌ஷன்’ பக்கத்துக்குப் போய் டொமைன், பிரைவேட், பப்ளிக் மூன்றையும் ஆன் செய்யுங்கள். வேறு கம்பெனி ஃபயர்வால் போட்டிருந்தால் விண்டோஸுடையது ஒதுங்கியிருக்கும். அது விழுந்ததும் இது தானாக எழும் என்று நம்ப வேண்டாம். ஆன் ஆக மறுத்தால் அந்த மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். லாட்ஜ், டீக்கடை வைஃபை எல்லாம் ‘பப்ளிக்’ ஆகவே இருக்கட்டும்.

சரி, ஏன் விழுந்தது? ‘ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று தேடினால் எந்தத் தேதியில் எது விழுந்தது என்று சிவப்புக் குறியோடு காட்டும். இரண்டு ஃபயர்வால் ஒன்றாக ஓடுவது ஒரு காரணம். காற்றுக் காலத்தில் மண்டபம், பாம்பன் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும்போது, யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் அப்டேட் நடுவில் அணைந்து ஃபைல் கெடுவது இன்னொன்று. அதற்கு மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகும். திரும்பத் திரும்ப விழுந்தால் வைரஸே அதை நிறுத்துகிறதோ என்று சந்தேகப்பட்டு, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிட்டு, அது முடிந்த பிறகு வைஃபையை ஆன் செய்யுங்கள்.