தக்காளி இறங்கியது, காபி ஏன் இறங்கவில்லை?

"பணவீக்கம் குறைஞ்சிடுச்சுன்னு டிவியில சொல்றான், நம்ம கடையில விலை ஒண்ணும் குறையலையேண்ணே!" கும்பகோணத்துக் காபிக் கடைகளில் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கலாம். புலம்புகிறவரும் பொய் சொல்லவில்லை, டிவியும் பொய் சொல்லவில்லை. பணவீக்கம் குறைந்தால் விலை குறையும் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79%. முந்தைய ஏப்ரலில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 107 ரூபாய் 79 காசு ஆனது. 2023 ஏப்ரலில் 4.70%. 'பணவீக்கம் சரிவு' என்று செய்தி வந்தது. சாமான் என்னவோ கிட்டத்தட்ட 113 ரூபாய். ஏறுகிற வேகம்தான் குறைந்தது, ஏறினது ஏறினதுதான். ரிசர்வ் வங்கியின் இலக்கே 4% ஏற்றம் என்பது பலருக்குத் தெரியாது. விலையை இறக்குவதாக யாரும் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த தவறு, தக்காளியை வைத்து எல்லாவற்றையும் அளப்பது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. இரண்டே மாதத்தில் புது வரத்து வந்து விலை விழுந்தது. அது வரத்துக் கோளாறு, தானாகச் சரியாகும்.

நம்மூர்க்காரர்கள் அதிகம் சறுக்குவது அரிசியில். "நெல்லு இங்கேயே விளையுது, அரிசிக்கு ஏன் இந்த விலை? வியாபாரி கொள்ளையடிக்கிறான்" என்பார்கள். சாதாரண ரக நெல்லுக்குத் தமிழக அரசு ஊக்கத்தொகையோடு குவிண்டாலுக்கு (100 கிலோ) 2,500 ரூபாய் அறிவித்தது 2025-இல். அரவைக் கணக்கில் 100 கிலோ நெல்லுக்கு 67 கிலோ பச்சரிசிதான். அரைக்கும் முன்பே கிலோவுக்கு 37 ரூபாய் ஆகிவிட்டது (தவிடு, உமியை விற்பது தனி வரவு). அப்புறம் புழுங்கலரிசி என்றால் நெல் அவிக்கும் செலவு, அரவைக் கூலி, சாக்கு, லாரி வாடகை. பழைய அரிசிதான் வேண்டும் என்று நாம் கேட்பதால் மாதக்கணக்கில் குடோனில் கிடக்கிற சரக்குக்கு வட்டி. இத்தனைக்கும் குறுவை அறுத்தவர் ஐப்பசி மழையில் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்காதா என்று நெல்லைக் கிளறிக்கொண்டிருப்பார். கடையில் ஏறிய விலை அவர் மடிக்கு வந்து சேர்வதாக நினைப்பது பெரிய அநியாயம்.

வியாபாரிகள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. பதுக்கல் நடக்காமலில்லை. ஆனால் பதுக்கியவனும் ஒருநாள் விற்றாக வேண்டும். வருடா வருடம் ஏறுவதற்கு அது காரணமாகாது. ஒரு வேடிக்கை: 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு 5% ஜிஎஸ்டி வந்தது. கொஞ்ச நாளில் கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது!

வட்டியை ஏற்றினால் எல்லாம் அடங்கிவிடும் என்பதும் பாதி உண்மைதான். 2022 மே மாதம் 4 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கிய ரெப்போ வட்டி (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி), அடுத்த பிப்ரவரியில் 6.5% ஆனது. கடன் வாங்கி வீடு கட்டுகிறவர் தள்ளிப்போடுவார், சிமெண்டுக்குக் கிராக்கி தணியும். அதே 2022-இல் உக்ரைன் போரால் அங்கிருந்து சூரியகாந்தி எண்ணெய் வரத்து நின்றதற்கும், இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடுத்ததற்கும் நம் வட்டி என்ன செய்யும்?

சரி, காபி. பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி, தூள் விலை ஏறியது. அது நாளைக்கே இறங்கலாம். ஆனால் டம்ளரில் இருப்பது தூள் மட்டுமில்லை. பால், சிலிண்டர், கடை வாடகை, மாஸ்டர் சம்பளம் எல்லாம் சேர்ந்துதான் காபி. ஏற்றிய சம்பளத்தை எந்த முதலாளியாலும் குறைக்க முடியாது. குறைத்தால் மாஸ்டர் மறுநாளே எதிர்க்கடையில் காபி ஆற்றிக்கொண்டிருப்பார்.