அமெரிக்கா வரும் குமரி மாவட்டத்தாருக்கு: குலுக்கல் சீட்டில் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதாதீர்கள்

நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் புதிதாக வருகிறவர்களுக்கு வங்கிக் கணக்கு, வாடகை வீடு பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். தொலைபேசியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஊரில் விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909 என்ற எண். இங்கே 'டூ நாட் கால்' பட்டியல், அதாவது விற்பனைக்காக அழைக்கக் கூடாத எண்களின் பட்டியல். 2003-இல் வந்தது, மத்திய வர்த்தக ஆணையம் நடத்துகிறது. கட்டணம் இல்லை. பதிய வேண்டிய தொலைபேசியிலிருந்தே 1-888-382-1222-ஐ அழையுங்கள். ஒருமுறை பதிந்தால் போதும், காலாவதி ஆகாது. 31 நாள் கழிந்தும் விற்பனை அழைப்பு வந்தால் புகார் செய்யலாம். அரசியல், நன்கொடை, கருத்துக்கணிப்பு அழைப்புகளை இது தடுக்காது.

வந்த வாரமே பதிந்தேன். அப்படியும் மாலை ஆனால் வீட்டுத் தொலைபேசி ஓயாது. காரணம் நான் போட்ட கையெழுத்து. மளிகைக் கடை வாசலில் ஒரு புதுக் கார் நின்றது. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி, சீட்டுக்கட்டு, நூலில் கட்டிய பேனா. பெயர், முகவரி, வீட்டுத் தொலைபேசி எண், ஆண்டு வருமானம் என்று கேட்டதையெல்லாம், ஊர்த் திருவிழாக் குலுக்கல் என்ற நினைப்பில், எழுதிக் கையெழுத்திட்டுப் போட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து அதே கடையில் இன்னொரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். அடியில் கடுகளவு எழுத்தில், என் எண் பட்டியலில் இருந்தாலும் அழைக்கச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது! எழுத்தில் சம்மதம் கொடுத்த நிறுவனத்திடம் பட்டியல் செல்லாது. சீட்டு இல்லாவிட்டாலும், ஒரு கடையில் பொருள் வாங்கினால் 18 மாதம் வரையும், விசாரித்தாலே 3 மாதம் வரையும் அவர்கள் அழைக்கலாம்.

பகலில் அழைப்புகளை எடுத்தது குழித்துறையிலிருந்து வந்திருந்த என் அம்மா. பள்ளி ஆசிரியையாக இருந்தவர், நல்ல ஆங்கிலம். வாசலுக்கு வந்தவரை ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பாத வீட்டில் வளர்ந்தவர், அழைத்தவரிடம் பட்டென்று வைத்துவிடுவாரா? "நல்ல மரியாதையாகப் பேசினான் மக்களே, நீ எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டான், சொன்னேன்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவரைக் கோபித்து என்ன பயன்? பெற்றோரை அழைத்து வருகிறவர்கள், அழைப்பவரிடம் வீட்டு விவரம் சொல்லக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

விற்க அழைப்பவரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: 'புட் மீ ஆன் யுவர் டூ நாட் கால் லிஸ்ட்' (உங்கள் நிறுவனத்தின் அழைக்கக் கூடாதவர் பட்டியலில் என்னைச் சேருங்கள்). இந்த வாக்கியத்தை அம்மாவே நாட்காட்டியில் எழுதி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்தாக வேண்டும், கேட்டால் சேர்த்தாக வேண்டும். சீட்டில் கொடுத்த சம்மதமும் அதோடு போய்விடும். கேட்ட தேதி, நேரம், நிறுவனத்தின் பெயர் மூன்றையும் குறித்துவைத்தால் புகாருக்கு உதவும். அம்மாவின் நாட்காட்டி அப்படித்தான் நிரம்பியது. சிறிது சிறிதாக அழைப்புகள் குறைந்தன.

அதன் பிறகும் விற்க அழைப்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர்கள். அவர்களிடம் அந்த வாக்கியம்கூட வேண்டாம். 'பெயரை நீக்க எண்ணை அழுத்துங்கள்' என்று பதிவுக் குரல் சொன்னாலும் எதையும் அழுத்தாமல் வைத்துவிடுங்கள். இங்கே அரசு தரும் சமூகப் பாதுகாப்பு (சோஷியல் செக்யூரிட்டி) எண்ணின் ஒன்பது இலக்கங்களில் கடைசி நான்கைக்கூட, தானாக அழைத்தவரிடம் சொல்லக் கூடாது.