டிபி டெஸ்டில் மிகுதிச் சாயத்தைத் துடைத்தெடுக்கும் முறை

பற்றவைப்பு மூட்டுகளின் மேற்பரப்பில் திறந்திருக்கும் விரிசல்களைக் கண்டறியும் டிபி டெஸ்டில் (டை பெனட்ரன்ட், அதாவது ஊடுருவும் சாயச் சோதனை), விரிசலுக்குள் இறங்கும் சிவப்புச் சாயத்தையும், பின்னர் அதை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளைப் பூச்சான டெவலப்பரையும் தெளிப்பதற்குப் பெரிய பழக்கம் தேவையில்லை. இடையே மிகுதிச் சாயத்தை அகற்றும் கட்டத்தில்தான் சோதனையின் நம்பகத்தன்மை நிலைக்கிறது அல்லது கெடுகிறது. க்ளீனர் எனப்படும் கரைப்பான் கொண்டு துடைக்கும் வகையையே இங்கு விளக்குகிறேன்.

சாயம் ஊறுவதற்குச் செயல்முறை ஆவணம் குறிப்பிடும் நேரம் கடந்ததும், முதலில் உலர்ந்த துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். துணியை மடித்து, ஒவ்வொரு இழுப்புக்கும் சுத்தமான பக்கத்தைத் திருப்பி, ஒரே திசையில் துடைத்தால் சாயத்தின் பெரும்பகுதி இப்போதே போய்விடும். காட்டன் வேஸ்ட் வேண்டாம். அதன் இழைகள் வெல்டின் அலைமேடுகளில் சிக்கி, சாயத்தை உறிஞ்சி, பின்னர் மெல்லிய விரிசல் போலவே சிவந்து தெரியும்.

அடுத்து, க்ளீனரைத் துணியின் மீது தெளித்து, சொட்டாத அளவு ஈரத்துடன் லேசாகத் துடைக்கவும். நேரம் மிச்சமாகும் என்று க்ளீனரை மூட்டின் மீதே பீய்ச்சுவது பல பட்டறைகளில் காணப்படும் கெட்ட பழக்கம். அவ்வாறு செய்தால் கரைப்பான் குறைக்குள் இறங்கிச் சாயத்தைக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். அகலமான, ஆழமற்ற குறைகளே இதில் முதலில் மறைகின்றன. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் நெறித்தொகுப்பில் 5ஆம் பகுதியும் இதை வெளிப்படையாகத் தடை செய்கிறது.

எப்போது நிறுத்துவது? துணியில் வெளிர் ரோஜா நிறம் மட்டும் படியும்போது நிறுத்திவிடலாம். துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்ப்பவர் விரிசலையும் சேர்த்தே துடைத்துவிடுகிறார். வெல்டின் ஓரத்தில் அண்டர்கட் எனப்படும் நீளமான பள்ளம் இருந்தால் அங்கு மட்டும் சிவப்பு தங்கும். துணியின் மடிப்பு விளிம்பை விரலால் அழுத்தி அந்தப் பள்ளத்தின் நீளவாக்கில் ஓட்டினால் போதும், மூட்டு முழுவதையும் மறுபடி துடைக்க வேண்டியதில்லை.

நீரில் கழுவும் சாயமாக இருந்தால், அதே நெறித்தொகுப்பின்படி நீரழுத்தம் 50 பிஎஸ்ஐ, வெப்பநிலை 43 டிகிரி செல்சியஸ் ஆகியவற்றைத் தாண்டக்கூடாது.

துடைத்த பரப்பு தானாக உலர்ந்ததும் தாமதமின்றி டெவலப்பரைத் தெளிக்கவும். அப்போது வெண்பரப்பு முழுவதும் ரோஜா நிறமாக மாறினால் துடைப்பு போதவில்லை என்று பொருள். டெவலப்பரின் மேலேயே துடைத்துச் சரிசெய்ய முயலாமல், மூட்டை முழுமையாகச் சுத்தம் செய்து, சாயம் பூசுவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதிகமாகத் துடைத்துவிட்டோமோ என்ற ஐயம் எழுந்தாலும் இதே வழிதான். ஆனால் அந்தத் தவறை டெவலப்பர் காட்டிக்கொடுக்காது.